தாக்குப்பிடிப்பது கம்பெனியா, ஊரா?

கேள்வி: 28 ஆகஸ்ட் 2025

சென்னையில் ஒரு நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். போன வாரம் 'மீள்திறன்' பற்றி இரண்டு நாள் வகுப்பு எடுத்தார்கள். கம்பெனி அடி வாங்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பி வரும் குணம்தான் அது என்றார்கள். ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு, ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டாவது சப்ளையர், எழுதி வைத்த மாற்றுத் திட்டம், இந்த மூன்றும் இருந்தால் போதுமாம். நேற்று முதல் அமெரிக்காவில் நம் சரக்குக்கு 50 சதவீத வரி. திருப்பூரில் எத்தனை கம்பெனியிடம் இந்த மூன்றும் இருக்கும்? இல்லை என்றால் இத்தனை வருடம் எப்படி ஓடின? அங்கே தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

28 ஆகஸ்ட், இரவு 10.40

என்னிடம் மூன்றும் இல்லை தம்பி. திருப்பூர் பி.என். ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தகர ஷெட், 24 மெஷின். பெரிய கம்பெனி வெட்டித் தரும் பீஸைத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க். கையிருப்பு என்றால் வருகிற சனிக்கிழமை சம்பளம் வரைக்கும் இருக்கும். அதற்கு அடுத்த சனிக்கிழமைக்கு யாரையாவது பார்க்க வேண்டும். இப்படியே 22 வருடம் ஓடிவிட்டது.

மீள்திறன் என்ற சொல்லை எங்கள் தொழில்காரனிடம் சொன்னால் அவனுக்கு ரிப் ஞாபகம் வரும். டி-ஷர்ட் கழுத்தில் வரி வரியாக வருகிறதே, அந்தத் துணி. இழுத்தால் எவ்வளவு நீளுகிறது என்று பார்ப்பது ஒரு சோதனை. விட்டால் எவ்வளவு சுருங்கி வருகிறது என்று பார்ப்பது வேறு சோதனை, அதற்கு ரெகவரி என்று பெயர். வெறும் காட்டன் ரிப் நன்றாக நீளும், ஆனால் பத்து தடவை தலையை நுழைத்ததும் கழுத்து தொங்கிவிடும். அதில் ஐந்து சதவீதம் லைக்ரா, ரப்பர் மாதிரி இழுபடும் நூல், சேர்த்து ஓட்டினால் திரும்பி வரும். சரக்கு வாங்கும் பையர் கேட்பது இந்த இரண்டாவது சோதனையைத்தான்.

உன் வகுப்பில் ரெகவரியை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். நீளுவது யார் என்று சொல்லவில்லை. என் கணக்கில் திருப்பூரில் லைக்ரா எந்தக் கம்பெனிக்குள்ளும் கிடையாது. ஊருக்குள் இருக்கிறது. 2011ஐப் பற்றிச் சொன்னால் புரியும். இப்போது தூக்கம் வருகிறது.

30 ஆகஸ்ட், சனி, சம்பளம் போட்டு முடித்த பின்

2011 ஜனவரி 28, வெள்ளிக்கிழமை. ஊரில் உள்ள சாயப்பட்டறை, சலவைப்பட்டறை எல்லாவற்றையும் மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள், கூடவே பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்று 2006லேயே சொல்லி, கெடு கொடுத்து, கெடு தாண்டி, கடைசியில் வந்த உத்தரவு. மின் இணைப்பைத் துண்டித்தார்கள்.

பனியன் தொழில் ஒரு சங்கிலி. நூல் வருகிறது, நிட்டிங் ஓடுகிறது, சாயம் போகிறது, துணிச் சுருக்கத்தைச் சரிசெய்யும் காம்பாக்டிங், கட்டிங், பிறகு நாங்கள், அப்புறம் செக்கிங், அயர்னிங், பேக்கிங். நடுவில் ஒரு கண்ணி போனால் பின்னால் இருப்பவன் சும்மா உட்கார வேண்டியதுதான். முதல் வாரம் கையில் இருந்த துணியைத் தைத்தோம். இரண்டாவது வாரம் பாதி மெஷினுக்கு உறை போட்டேன். மூன்றாவது வாரம் டீக்காரர் கேனைக் கொண்டுவந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு எத்தனைங்க?" என்றார். முப்பது டீ எடுத்த இடத்தில் நான்கு.

துணியை லாரியில் ஏற்றி பெருந்துறைக்கும் ஈரோட்டுக்கும் அனுப்பினார்கள். லூதியானாவுக்கும் அகமதாபாத்துக்கும்கூடப் போனது. இதற்குத்தான் உன் வகுப்பில் 'இரண்டாவது சப்ளையர்' என்று பெயர். அது எப்படி இருந்தது என்று சொல்கிறேன். எனக்கு ஒரு நேவி புளூ டி-ஷர்ட் ஆர்டர் வந்தது. உடம்புத் துணி ஒரு ஊரில் சாயம் போட்டது, கழுத்து ரிப் இன்னொரு ஊரில். ஷெட்டுக்குள் ட்யூப்லைட்டில் பார்த்தால் இரண்டும் ஒரே நிறம். 800 பீஸ் கழுத்து வைத்த பிறகு ஒருவர் வெயிலில் எடுத்துப் போய் உதறினார். உடம்பு நீலம், கழுத்து கத்திரிப்பூ. 800 பீஸுக்கும் கழுத்தைப் பிரித்தோம். ஓவர்லாக் தையலைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தைப்பதைவிட மூன்று மடங்கு நேரம், துணியும் அரை சென்டிமீட்டர் போய்விடும். பிரித்த கூலியை யாரும் தரவில்லை.

அப்புறம் எப்படி நின்றேன்? பக்கத்து ஷெட்காரர் ஒரு மிலாஞ்ச் ஆர்டர் வைத்திருந்தார். மிலாஞ்ச் என்றால் பஞ்சிலேயே சாயம் ஏறியது, துணிக்குச் சாயப்பட்டறை வேண்டாம். அதில் 3,000 பீஸைப் பிரித்து எனக்குக் கொடுத்தார். அவருக்கே அது நான்கு நாள் வேலைதான். நூல் கடைக்காரர் பாக்கியைக் கேட்கவில்லை. மெஷின் பார்ட்ஸ் கடையில் "எழுதிக்கிறேன் போங்க" என்றார்கள். ஷெட் ஓனர் மூன்று மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொண்டார். இந்த நால்வரில் யாருமே 'திட்டம்' என்று எதையும் எழுதி வைத்தவர்கள் இல்லை. என் டெய்லர்களில் ஒருவர்கூட என்னை விட்டுப் போகவில்லை.

அதனால்தான் சொன்னேன், ஊர் தாங்கியது. கம்பெனி என்று தனியாக ஒன்று நின்றிருந்தால் மார்ச் மாதமே போயிருக்கும்.

31 ஆகஸ்ட், காலை

நொய்யல் ஆற்றில் எங்கள் ஊருக்குக் கீழே, ஒரத்துப்பாளையம் பக்கத்து விவசாயி ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். நான் உத்தரவை எங்களுக்கு விழுந்த அடி மாதிரி எழுதியது அவருக்குக் கோபம். நியாயமான கோபம். "உங்களுக்கு ஆறு மாசம் அடி. எங்களுக்கு இருபது வருசம். எங்க கிணத்துத் தண்ணியை மாடு வாயில வைக்காது" என்கிறார்.

திருத்திக்கொள்கிறேன். சாயத் தண்ணீரின் கலரை எடுப்பது பெரிய காரியம் இல்லை, அதில் இருக்கும் உப்புதான் பிரச்சினை. துணியில் சாயம் பிடிக்க உப்பு கொட்ட வேண்டும், அந்த உப்பு எங்கும் மறையாது. அது ஆற்றில் போய், ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, நிலத்துக்குள் இறங்கியது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய் வாங்கிய தீர்ப்பிலிருந்துதான் அந்த உத்தரவு வந்தது. தொழில் அத்தனை வருடம் 'தாக்குப்பிடித்தது' அவர்கள் கிணற்றின் மேல் உட்கார்ந்துதான்.

ஊர் தாங்கியது என்று நேற்று எழுதியபோது கீழே இருக்கும் ஊரை நான் கணக்கில் எடுக்கவில்லை.

31 ஆகஸ்ட், மாலை

அதோடு ஒன்று. மூடிய பட்டறைகள் பழையபடி திரும்பி வரவில்லை. அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. ஆர்.ஓ., அதில் மிஞ்சும் உப்புக் கரைசலைக் காய்ச்சும் எவாப்பரேட்டர், அந்த உப்பையே மறுபடி சாயத்துக்குப் பயன்படுத்தும் முறை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, சோதனை ஓட்டம் ஓட்டி, ஒவ்வொரு நிலையமாகத் திறந்தார்கள். பல பட்டறைகள் திறக்கவே இல்லை. இன்றைக்கு அதே திருப்பூர்க்காரர்கள் வெளிநாட்டுப் பையரிடம் 'எங்கள் ஊரில் கழிவே வெளியே போகாது' என்று சொல்லி ஆர்டர் கேட்கிறார்கள். மூடச் சொன்னபோது தெருவில் இறங்கிய அதே ஆட்கள். நானும் இறங்கினேன், சும்மா எதற்கு மறைக்க.

'பழைய நிலைக்குத் திரும்புவது' என்று வகுப்பில் சொன்னார்களே, அந்தப் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தால் இந்நேரம் தொழிலே இருந்திருக்காது.

3 செப்டம்பர்

ஐந்து சதவீத லைக்ரா என்று நான் அடித்து விட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். வீட்டிலேயே சோதனை போட்டிருக்கிறேன். இரண்டு ரிப் துண்டு, ஒன்று காட்டன், ஒன்று லைக்ரா. இரண்டிலும் பேனாவால் 10 சென்டிமீட்டர் கோடு. கிளிப் மாட்டி, கீழே ஆளுக்கு ஒரு கிலோ உப்புப் பொட்டலம். ராத்திரி முழுக்கத் தொங்கட்டும்.

4 செப்டம்பர்

காலையில் எழுந்து பார்த்தால் ஒரு பொட்டலம் காணோம். சட்னிக்கு உப்பு தீர்ந்துவிட்டதாம். சோதனை மறுபடி இன்றிரவு.

5 செப்டம்பர்

பொட்டலத்தை எடுத்த பிறகு கோட்டின் நீளம், லைக்ரா ரிப்: 10.3. காட்டன் ரிப்: 11.6. சந்தேகப்பட்டவர் நேரில் வந்தால் துண்டைக் காட்டுகிறேன்.

7 செப்டம்பர், ஞாயிறு

"ஊர் தாங்கும் என்பது கொங்குப் பெருமை, பெரிய தொழிலுக்கு அது பொருந்தாது" என்று ஒருவர். சரி, பெரிய தொழிலையே எடுத்துக்கொள்வோம். டொயோட்டா.

1997 பிப்ரவரி 1, விடியற்காலை. ஜப்பானில் கரியா என்ற ஊரில் ஐசின் என்ற கம்பெனியின் ஆலையில் தீ. பிரேக்கில் வரும் ஒரு சின்ன வால்வு, உள்ளங்கையில் அடங்கும் சாமான், டொயோட்டாவுக்கு அநேகமாக முழுக்க அந்த ஆலையிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. சரக்கைத் தேக்கி வைப்பது பாவம் என்று உலகத்துக்கே பாடம் எடுத்த கம்பெனி அது, கையில் வால்வு மிகக் கொஞ்சமே இருந்தது. கார் ஆலைகள் வரிசையாக நின்றன. உன் வகுப்பின்படி பார்த்தால் இரண்டாவது சப்ளையர் இல்லை, கையிருப்புச் சரக்கு இல்லை. இரண்டிலும் ஃபெயில்.

ஆனால் ஒரு வாரம் போலத்தான் ஆனது, ஆலைகள் மறுபடி ஓடின. ஐசின் தன் வரைபடங்களை வேண்டியவர்களுக்கெல்லாம் கொடுத்தது. பல பத்துக் கம்பெனிகள், பாதிப் பேர் அந்த வால்வைக் கண்ணால் பார்த்ததில்லை, கையில் இருந்த மெஷினில் அதைக் கடையத் தொடங்கின. அதில் ஒன்று ப்ரதர். ஆமாம், நம் ப்ரதர் தையல் மெஷின் கம்பெனிதான். கார் சாமான் செய்யாத கம்பெனி. என் ஷெட்டில் நான்கு ப்ரதர் ஓடுகிறது. இதைப் படித்த நாளிலிருந்து அவற்றைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கிறேன்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். யாரும் முதலில் விலை பேசவில்லை. எல்லாம் முடிந்த பின் ஐசின் அவர்களுடைய செலவைக் கொடுத்தது. டொயோட்டா தன் நேரடி சப்ளையர்களுக்கு, அந்தக் காலாண்டில் அவர்கள் தனக்கு விற்ற தொகையில் ஒரு சதவீதத்தை நன்றியாகக் கொடுத்தது. அதில் பலர் தங்களுக்குக் கீழே இருந்தவர்களுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள்.

கழுத்து பிரித்த 800 பீஸ் ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று சொல்லவேண்டியதில்லை.

8 செப்டம்பர்

டொயோட்டாவைக் கும்பிடுகிறீர்களே என்று ஒருவர். இல்லை, நான் கும்பிடவில்லை. போதிய சரக்கு இல்லாமல் இருந்ததே அவர்கள் தப்புதான். கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவே.

14 செப்டம்பர்

மாற்றுத் திட்டத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்று கேள்வி கேட்ட தம்பி ஞாபகப்படுத்தினார். நான் வேண்டுமென்றேதான் தள்ளிப்போட்டேன். அது என் மானம் போன கதை.

2020 மார்ச் 24 ராத்திரி அறிவிப்பு, மறுநாள் ஊரடங்கு. பையர்கள் ஆர்டரை 'ஹோல்டு' என்றார்கள். ஊரே மாஸ்க் தைத்தது, பிறகு பி.பி.இ. கிட், அதாவது நோய்த்தடுப்பு உடை. திருப்பூர் எப்படி ஒரு மாதத்தில் மாறியது பார் என்று பத்திரிகையெல்லாம் எழுதின. மாஸ்க் ஏற்றுமதிக்கு முதலில் தடை இருந்தது, மே மாதம் துணி மாஸ்க்குக்கு மட்டும் திறந்தார்கள். நான் மாஸ்க்கோடு நின்றிருந்தால் தப்பித்திருப்பேன். அந்த கிட்டில் உடம்பு முழுக்க மூடும் கவரால் தைப்பவன்தான் சம்பாதிக்கிறான் என்று எல்லோரும் சொல்ல, ஜூலையில் அவசரக் கடன் திட்டத்தில் வந்த பணத்தை எடுத்து, தையல் மேல் டேப் ஒட்டும் மெஷின் ஒன்று வாங்கினேன். தையல் ஊசி போட்ட ஓட்டை வழியாகக் கிருமி போகாமல் இருக்க, சூடான காற்றில் டேப்பை உருக்கி ஒட்டும் மெஷின் அது. ஓட்டத் தெரிந்த ஆள் ஊரில் பத்துப் பேர் இருந்திருப்பார்கள். பழகவே இரண்டு வாரம் போனது. டேப் சுருங்கி, துணி பொசுங்கி, முதல் 60 கவரால் குப்பைக்கு.

பழகி முடித்து மூன்று வாரம் நன்றாக ஓடியது. அதற்குள் இந்தியா முழுக்க எல்லோரும் கவரால் தைக்க ஆரம்பித்துவிட்டார்கள். விலை விழுந்தது. எனக்கு ஆர்டர் கொடுத்தவர் போனை எடுக்கவில்லை. கடனைக் கட்டி முடித்தது 2024ல். மெஷின் இன்னும் ஷெட் மூலையில், மேலே போர்வை, போர்வை மேல் செக்கிங் கூடை. தீபாவளிக்கு ஆயுதபூஜைக்கு அதற்கும் பொட்டு வைக்கிறோம். ஆயுதபூஜைக்கு மட்டும். எழுதும் வேகத்தில் தீபாவளி வந்துவிட்டது.

வேகமாக மாறியதை எல்லோரும் பாராட்டினார்கள். மாறி முடித்தவன் கையில் என்ன நின்றது என்று பத்திரிகைக்காரர் யாரும் திரும்பி வந்து கேட்கவில்லை. சரி, மெஷின் விற்பனைக்கு. யாருக்காவது வேண்டுமா?

15 செப்டம்பர்

நிஜமாகத்தான் கேட்டேன். விலை தனிச் செய்தியில்.

21 செப்டம்பர்

வரி, தீர்ப்பு, நோய் என்று வெளியிலிருந்து வருவதையே பேசிக்கொண்டிருக்கிறோம். 2023 மார்ச்சில் எங்களை நிறுத்தியது ஒரு வாட்ஸ்அப் வீடியோ.

தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளரை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. வேறு எங்கோ எடுத்தவை. என்னிடம் பீகார்ப் பையன்கள் ஆறு பேர் பேட்லாக் என்ற தையல் மெஷின் ஓட்டினார்கள். அதில் மூத்தவனுக்கு அம்மா விடாமல் போன் செய்தாள், உடனே ரயில் ஏறு என்று அழுதாள். நான் சொன்னால் நம்ப மாட்டாள், மாவட்ட நிர்வாகம் இந்தியில் உதவி எண் கொடுத்ததும் அவளுக்கு ஒன்றும் இல்லை. எங்கள் செக்கிங் அக்கா ஒருத்தர், இந்தி ஒரு வார்த்தை தெரியாது, அவன் கையிலிருந்து போனை வாங்கினார். வீடியோ காலில் ஷெட் முழுக்க நடந்தார். மெஷினைக் காட்டினார், அவன் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து ரொட்டியைக் காட்டினார், தெருவைக் காட்டினார், கடைசியில் தன் முகத்தைக் காட்டி, "நான் பாத்துக்கறேன், நீ அழுவாத" என்று தமிழிலேயே சொன்னார். ஆறு பேரில் நான்கு பேர் இருந்தார்கள். ஹோலிக்குப் போன இரண்டு பேரும் ஏப்ரலில் வந்துவிட்டார்கள். பக்கத்தில் ஒரு ஷெட்டில் பதினோரு பேர் போய், ஷெட் ஒரு மாதம் பூட்டிக் கிடந்தது.

இதை உன் மூன்றில் எதில் போடுவாய்?

27 செப்டம்பர், சனி

இன்று ஒரு திருத்தம், கொஞ்சம் பெரியது.

சம்பளம் போட்ட பின் மேலே எழுதியதை அந்த அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். வீடியோ கால் கதையில் சிரித்தார். பிறகு 2011 பகுதி வந்தது. 'ஒருவர்கூட என்னை விட்டுப் போகவில்லை' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"நான் போனனுங்களே. பதினொரு வாரம் உடுமலைக்கிட்ட நார் மில்லுல வேலை செஞ்சேன். தேங்காய் நார்ப் புழுதி, இருமல் ஒரு வருசம் விடல. கலர் துணி வருதுன்னு கேள்விப்பட்டுத் திரும்பி வந்தேன். நீங்க 'வா அக்கா'ன்னீங்க, அவ்வளவுதான்."

எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. பழைய சம்பள நோட்டு பரணில் இருந்தது, இறக்கிப் பார்த்தேன். உண்மைதான். பிப்ரவரி மூன்றாவது வாரத்திலிருந்து 31 பெயரில் ஒன்பது பேருக்கு மட்டும்தான் தொகை இருக்கிறது. மற்றவர்கள் பெயருக்கு நேராகக் கோடு. மே மாதம் முதல் ஒவ்வொருவராகத் திரும்பி வந்திருக்கிறார்கள், 14 பேர். எட்டுப் பேர் பெயர் அதற்குப் பிறகு நோட்டில் இல்லை.

பதினாலு வருடமாக இந்தக் கதையை 'ஒருவர்கூடப் போகவில்லை' என்றே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்ததில்லை. திரும்பி வந்ததும் போனதை மறந்துவிட்டேன். எனக்கு நூல் கடைக்காரர் பாக்கி தள்ளினார், ஷெட் ஓனர் வாடகை தள்ளினார். நான் யாருக்கு எதைத் தள்ளிக் கொடுத்தேன்? பீஸ் ரேட்டில் பீஸ் இல்லை என்றால் கூலி இல்லை, கணக்கு முடிந்தது. என் ஷெட் தாங்கியது என்றால், 22 பேர் தங்கள் செலவை வேறு எங்கோ போய்ப் பார்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். பெரிய கம்பெனி என்னை வைத்துச் செய்ததை நான் அவர்களை வைத்துச் செய்திருக்கிறேன்.

'ஊர் தாங்கியது' என்று ஆகஸ்டில் எழுதியதை அழிக்கவில்லை. பக்கத்தில் இதையும் வைத்துப் படியுங்கள்.

28 செப்டம்பர்

மூன்று பேர் 'உங்களால் என்ன செய்ய முடியும், சின்ன ஓனர்தானே' என்று ஆறுதல் எழுதியிருக்கிறார்கள். நன்றி. ஆறுதல் கேட்டு எழுதவில்லை. வாரத்துக்கு நூறு ரூபாய் முன்பணமாகக் கொடுத்திருந்தால்கூட எட்டுப் பேரில் நான்கு பேர் வந்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. நூறு ரூபாய் அப்போது என்னிடம் இருந்தது.

18 அக்டோபர், தீபாவளிக்கு முந்தைய சனி

போனஸ் போட்டாகிவிட்டது. அதற்கு என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள், மனைவியின் வளையலுக்கு வாய் இருந்தால் சொல்லும்.

வரிக் கதைக்கு வருகிறேன். 2025 ஆகஸ்ட் 7ல் அமெரிக்கா நம் சரக்குக்கு 25 சதவீதம் போட்டது, 27ல் இன்னொரு 25. எங்களோடு போட்டி போடும் பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் அப்போது 20, பாகிஸ்தானுக்கு 19. எங்கள் ஊர் ஏற்றுமதி வருடத்துக்கு 40,000 கோடியைத் தொடும், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்கு. பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை 2025 டிசம்பர் வரை எடுத்தார்கள். 2025 ஜூலையில் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது.

கீழே அது எப்படி வந்து சேர்கிறது என்று பாருங்கள். அமெரிக்கப் பையர் ஏற்றுமதியாளரிடம் தள்ளுபடி கேட்கிறார். ஏற்றுமதியாளர் பாதியைத் தாங்கிக்கொண்டு, மீதியை எங்களிடம், "தையல் கூலியில பீஸுக்கு ஒன்றரை ரூபா குறைச்சுக்கங்க, நிலைமை உங்களுக்கே தெரியும்" என்கிறார். நான் திரும்பி யாரைப் பார்ப்பேன்? செப்டம்பர் 27க்கு முன்னால் என்றால் பேட்லாக் பையனைப் பார்த்திருப்பேன்.

இந்த முறை முடியாது என்றேன். வீரம் ஒன்றும் இல்லை, அந்த ஆர்டர் போய்விட்டது. 24 மெஷினில் பத்துக்கு உறை.

பணம் வரும் வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறு தொழிலுக்கு 45 நாளில் பணம் தராவிட்டால், பணம் கொடுக்கும் வருடம் வரை அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியாது என்று சட்டம் வந்தபோது கைதட்டினேன். எனக்கு வேலை கொடுக்கும் ஓர் இடத்தில் சொன்னது: "பில்லுல உத்யம் நம்பர் போடாதீங்க." சிறு தொழில் என்று காட்டும் பதிவு எண் அது. போடாமல் கொடுத்தேன். 90 நாள் ஆகிறது.

19 அக்டோபர்

ஊருக்குப் போகும் பஸ்ஸெல்லாம் நிரம்பி வழிகிறது. தேனி, மதுரை, திருநெல்வேலி. வருடா வருடம் இந்த வாரம் எங்கள் தெருவில் மெஷின் சத்தம் இல்லாமல் தூக்கம் வராது. எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்து. வகுப்புத் தம்பிக்கும்.

2 நவம்பர்

தம்பி கேட்கிறார், இதையெல்லாம் மூன்று வரியாகச் சுருக்கித் தர முடியுமா, அவருடைய ஆபீஸில் ஸ்லைடு போட வேண்டுமாம்.

முடியாது. வேண்டுமென்றால் சம்பள நோட்டின் அந்தப் பக்கத்தைப் பெயரை மறைத்து போட்டோ எடுத்து அனுப்புகிறேன். 31 வரிசை, 22 கோடு. உங்கள் ஆபீஸில் போன தடவை பிரச்சினை வந்தபோது எத்தனை பேர் பெயருக்கு நேராகக் கோடு விழுந்தது என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் இருந்த செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் பெயர்களையும் சேர்த்து. அவர்கள் பெயர் உங்கள் நோட்டிலேயே இருக்காது என்று நினைக்கிறேன்.

3 நவம்பர்

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். தம்பி தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, தேடிப் பார்ப்பதாகச் சொன்னார். நல்ல பையன்.

9 நவம்பர், ஞாயிறு

சுருக்கமாக நிலவரம். உள்நாட்டு டிராக் பேண்ட் ஆர்டர் ஒன்று கிடைத்திருக்கிறது, கூலி குறைவு, ஆனால் பணம் இரண்டு வாரத்தில். அதற்காக எந்த மெஷினும் வாங்கவில்லை. உறை போட்ட பத்தில் மூன்றை எடுத்தேன், 17 ஓடுகிறது. அதில் ஒரு பங்கை, 1,200 பீஸ், அன்றைக்கு மிலாஞ்ச் கொடுத்தாரே பக்கத்து ஷெட்காரர், அவருடைய மகனுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். அவன் அமெரிக்கா ஆர்டரை மட்டுமே நம்பி இருந்தவன்.

வேலை இல்லாத வாரத்துக்கு முன்பணம் என்று சொன்னேனே, ஆரம்பித்திருக்கிறேன். ஆளுக்கு வாரம் 500, வேலை வந்த பிறகு சிறிது சிறிதாகக் கழித்துக்கொள்வது. ஏழு பேருக்குப் போகிறது. எத்தனை வாரம் முடியும் என்றால், கணக்குப் போட்டால் ஆறு. அக்கா தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டெய்லருக்கு உதவ புதிதாக வந்த கைமடிப் பெண்ணுக்குக் கொடுக்கச் சொன்னார்.

டேப் மெஷினைக் கேட்டு ஒருவர் வந்தார். மழைக் கோட்டு தைக்கிறாராம். ஹீட்டரைப் போட்டுப் பார்த்தார், ஐந்து வருடம் கழித்தும் சூடாகிறது. விலைதான் ஒத்துவரவில்லை, மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் அந்தக் காட்டன் ரிப் துண்டு. 11.6 என்று எழுதிவிட்டு மேஜையிலேயே போட்டிருந்தேன். மனைவி துணியோடு சேர்த்துத் துவைத்துக் காயப் போட்டுவிட்டாள். எடுத்து அளந்தேன், 10.7. நனைந்தால் கொஞ்சம் திரும்பும் என்று பழைய நிட்டிங் மாஸ்டர் ஒருவர் சொல்வார், நான் நம்பியதில்லை. லைக்ரா துண்டைத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. பேரன் எதற்கோ எடுத்துப் போய் உண்டிவில் கட்டியிருக்கிறான்.